மலைப்பிரசங்கமும் நம் மலை வாழ்க்கையும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோத்தகிரி பக்கம் புதன்கிழமை சாயங்காலம் யாராவது ஒருவர் வீட்டில் எங்கள் ஜெபக்கூட்டம் நடக்கும். கூட்டம் முடிந்து டீயும் வர்க்கியும் வந்த பிறகுதான் நிஜமான கேள்விகள் வெளியே வரும். ஆயரிடம் கேட்கக் கூச்சப்படுவதை என்னிடம் கேட்பார்கள். நான் ஆயர் இல்லை. ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் 19 வருஷம் இலை எடை போட்டுக் கணக்கு எழுதியவன். ஒரே சந்தேகம் ஏழெட்டு முறை வந்த பிறகு, எழுதியே வைத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். கேள்விகளை அவரவர் கேட்ட வாக்கிலேயே போட்டிருக்கிறேன். வசனங்கள் நம் வீடுகளில் இருக்கும் பழைய மொழிபெயர்ப்பிலிருந்து.

மலைப்பிரசங்கம், மலைப்பிரசங்கம் என்கிறீர்களே, அது பைபிளில் சரியாக எங்கே இருக்கிறது?

மத்தேயு 5, 6, 7 ஆகிய மூன்று அதிகாரங்கள். மொத்தம் 111 வசனம். லூக்கா 6-ம் அதிகாரத்திலும் இதே போதனையில் ஒரு பகுதி சுருக்கமாக வருகிறது. அங்கே இயேசு மலையிலிருந்து இறங்கி, சமனான இடத்தில் நின்று பேசுகிறார். மலைக்காரர்களான நமக்கு அதில் கொஞ்சம் வருத்தம்தான்.

கீழே உள்ள பதில்கள் பெரும்பாலும் இந்த மூன்று அதிகாரங்களை வைத்துத்தான். அங்கங்கே மத்தேயு 18-ம், லூக்கா 10-ம் வரும். அதிகார எண் மட்டும் போட்டிருந்தால் மத்தேயு என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

அதெல்லாம் சீஷர்களுக்குச் சொன்னது. ரேஷன் கார்டு வைத்திருக்கிற குடும்பஸ்தனுக்கு எப்படிப் பொருந்தும்?

ஆரம்பத்தில் சீஷர்கள் வந்து அருகில் சேருகிறார்கள், உண்மைதான். ஆனால் முடிவில் ஆச்சரியப்பட்டது "ஜனங்கள்" என்று இருக்கிறது (7:28). அவர் எடுத்த உதாரணங்களையும் பாருங்கள்: உப்பு, விளக்கு, வஸ்திரம், கடன், கோர்ட்டுக்குப் போகிற வழி, அப்பா அப்பம் வேண்டும் என்று கேட்கிற பிள்ளை. துறவிக்கு இதில் என்ன வேலை? எல்லாம் குடும்பஸ்தன் வீட்டுச் சாமான்.

பக்கத்துத் தோட்டக்காரர் வேலியை நகர்த்திப் போட்டுவிட்டார். மறு கன்னத்தைக் காட்டணுமா, சர்வேயரைக் கூப்பிடணுமா?

சர்வேயரைக் கூப்பிடுங்கள். ஏன் என்று சொல்கிறேன். 5:39-ல் "வலது கன்னத்தில் அறைந்தால்" என்று இருக்கிறது. எதிரே நிற்கிறவர் வலது கையால் உங்கள் வலது கன்னத்தில் அறைய வேண்டுமென்றால் புறங்கையால்தான் முடியும். அது எலும்பை உடைக்கிற அடி இல்லை, மானத்தை வாங்குகிற அடி. யூதர்களின் சட்டத் தொகுப்பான மிஷ்னாவில் சாதாரண அறைக்கு 200 வெள்ளிக்காசு அபராதம், புறங்கை அறைக்கு 400. அவமானத்துக்குப் பதில் அவமானம் செய்யாதே என்பதுதான் இயேசு சொன்னதன் மையம் என்று நான் படிக்கிறேன். வாயை மூடிக்கொண்டு நில் என்று அவர் சொல்லவில்லை. பிரதான ஆசாரியன் முன்னால் ஒரு சேவகன் அவரையே அறைந்தபோது, "என்னை ஏன் அடிக்கிறாய்" என்று கேட்டார் (யோவான் 18:23). திருப்பி அடிக்கவில்லை, கேட்காமலும் விடவில்லை.

ஆகவே முதலில் அவர் வீட்டுக்குப் போய், "அண்ணே, வியாழக்கிழமை சர்வேயர் வருகிறார், நீங்களும் வந்து நில்லுங்கள்" என்று நேரில் சொல்லுங்கள். செய்யக்கூடாதது என்னவென்றால், ராத்திரியில் அவருடைய சில்வர் ஓக் மரத்தின் பட்டையைச் சீவிவிடுவது, தண்ணீர்ப் பைப்பைக் கழற்றிவிடுவது. இதெல்லாம் நம் மலையில் நடக்கிறது, ஜெபக்கூட்டத்துக்கு வருகிறவர்களும் செய்கிறார்கள். அளந்து பார்த்து, எல்லைக்கல் உங்கள் பக்கமே உள்ளே வந்துவிட்டால் அதையும் ஒத்துக்கொள்ள வேண்டும். என்னிடம் முதன்முதலில் இதைக் கேட்டவருக்கு அப்படித்தான் ஆனது. ஒன்றரை அடி.

புருஷன் குடித்துவிட்டு அடிக்கிறான். "ஏழெழுபது தரம் மன்னி" என்று வீட்டில் சொல்கிறார்கள். நான் மன்னித்துக்கொண்டே இருக்கணுமா?

இந்த வசனத்தை (18:22) உங்களுக்குச் சொன்னவர்கள் அதே அதிகாரத்தில் ஏழு வசனம் மேலே போகவில்லை. அங்கே, உன் சகோதரன் குற்றம் செய்தால் தனியே போய் அதை அவனுக்கு உணர்த்து, கேட்கவில்லையா, ஒன்றிரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு போ, அப்புறமும் கேட்கவில்லையா, சபைக்குச் சொல் என்று இருக்கிறது. மன்னிப்பு என்றால் மறைத்து வைப்பது என்று இயேசு ஒரு இடத்திலும் சொல்லவில்லை. ஒரு பட்டணத்தில் துன்பப்படுத்தினால் மறு பட்டணத்துக்கு ஓடிப்போங்கள் என்றும் சொன்னவர் அவர்தான் (10:23). நாசரேத்தில் மலைச் சிகரத்திலிருந்து தள்ளிவிட வந்தார்கள். அவர் அங்கே நின்று தள்ளப்படவில்லை, கடந்து போய்விட்டார்.

முதலில் பத்திரமான இடத்துக்குப் போங்கள்: அம்மா வீடோ, அக்கா வீடோ. 181 என்ற பெண்கள் உதவி எண்ணுக்கு எந்த நேரமும் கூப்பிடலாம். 2005-ம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின்படி, நீங்கள் வாழும் வீட்டில் தொடர்ந்து இருக்கும் உரிமையையும் பாதுகாப்பு உத்தரவையும் கேட்க முடியும். மன்னிப்பைப் பற்றி, காயம் ஆறிய பிறகு, அவன் கை எட்டாத தூரத்தில் உட்கார்ந்து யோசிக்கலாம். அவசரமே இல்லை.

பச்சைத் தேயிலை வாங்குகிற ஏஜெண்ட் ஈரம், சாக்கு என்று நூறு கிலோவுக்குப் பத்து கிலோ கழிக்கிறார். நானும் இலையில் கொஞ்சம் தண்ணீர் தெளித்துக் கொடுத்தால் பாவமா?

இந்த ஒரு கேள்விக்கு எனக்குத் தராசின் மறுபக்கத்திலிருந்தே பதில் தெரியும். ஈரத்துக்குக் கழிப்பது என்பது வெறும் ஏமாற்று இல்லை. ஒரு கிலோ தூளுக்கு ஏறக்குறைய நாலரைக் கிலோ பச்சை இலை வேண்டும். நனைந்த இலை என்றால் இன்னும் கூட. அந்தத் தண்ணீரை வாட்டி எடுக்க விறகும் கரண்டும் செலவாகும். ஆனால் எவ்வளவு கழிப்பது என்பது எடை போடுகிறவன் கையில் இருந்தது. சாக்கைத் தூக்கி ஒரு உதறு உதறுவேன். தரையில் சொட்டு விழுந்தால் ஐந்து கிலோ, விழாவிட்டாலும் இரண்டு கிலோ. மழையே இல்லாத பிப்ரவரியிலும் அந்த இரண்டை எழுதினேன். மேலே இருந்து சொன்னார்கள் என்பது உண்மை. பேனா என் விரலில் இருந்தது என்பதும் உண்மை.

இலை கொண்டுவருகிறவர்களும் சும்மா இல்லை. சாக்கின் நடுவே நனைத்த இலை, அடியில் முற்றின இலை, ஒருமுறை உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கல். அவர்கள் நனைப்பதால் நாங்கள் கழித்தோம், நாங்கள் கழிப்பதால் அவர்கள் நனைத்தார்கள். யார் ஆரம்பித்தது என்று யாருக்கும் ஞாபகம் இல்லை. "நீங்கள் அளக்கிற அளவின்படியே உங்களுக்கும் அளக்கப்படும்" (7:2) என்பதை நான் கடைசி நாள் நியாயத்தீர்ப்பைப் பற்றியது என்றே வெகுகாலம் நினைத்திருந்தேன். அது தினமும் மத்தியானம் இரண்டு மணிக்கு எங்கள் தராசில் நடந்துகொண்டிருந்தது.

சரி, பதில்: பாவம்தான். உங்கள் தண்ணீர் ஏஜெண்டின் பையைத் தொடாது. அவர் எல்லாருக்கும் சேர்த்துக் கழிவை ஏற்றிவிடுவார், நனைக்காமல் கொண்டுவருகிறவர் அதைச் சுமப்பார். அதற்குப் பதில் நாலைந்து பேர் சேர்ந்து போய், மொத்த எடையையும் கழிவையும் சீட்டில் தனித்தனியே எழுதித் தரச் சொல்லுங்கள். வேலி விஷயத்தில் சொன்னதுதான்: திருப்பி அடிக்காமல் கேட்பது.

உள்ளதை உள்ளபடி சொன்னால் டூரிஸ்ட் வருவானா ஐயா?

ஹோம்ஸ்டே நடத்துகிற ஒரு தம்பி கேட்டது. போட்டோவில் பள்ளத்தாக்கு தெரியும், நேரில் போனால் பக்கத்து மாடியின் தண்ணீர்த் தொட்டி தெரியும். "உள்ளதை உள்ளதென்றும், இல்லதை இல்லதென்றும் சொல்லுங்கள்" (5:37). தொட்டி தெரிகிற போட்டோவையும் ஒன்று போடு, வாடகையில் இருநூறு ரூபாய் குறை என்றேன். யோசிக்கிறேன் என்றான். இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறான்.

வேறு கடையில் வாங்கிய சாக்லேட்டுக்கு "ஹோம்மேட்" என்று ஸ்டிக்கர் ஒட்டுவதும் இதே கணக்கில்தான் சேரும்.

நாளைக்காகக் கவலைப்படாதே என்றால் இன்சூரன்ஸ், சீட்டு எதுவும் போடக்கூடாதா?

6:34 திட்டமிடாதே என்று சொல்லவில்லை, கவலைப்படாதே என்கிறது. கோபுரம் கட்ட நினைக்கிறவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்குப் பார்க்க மாட்டானா என்று கேட்டதும் இயேசுதான் (லூக்கா 14:28). தேயிலைக்காரருக்கு இது புதிது இல்லை. நாலைந்து வருஷத்துக்கு ஒருமுறை கவாத்து வெட்டுகிறோம். அப்புறம் சில மாதம் அந்தச் செடியில் இலை கிடையாது என்று தெரிந்தேதான் வெட்டுகிறோம். அதற்குப் பெயர் திட்டம். டிசம்பர் ராத்திரியில் மூன்று தடவை எழுந்து வந்து, உறைபனி விழுகிறதா என்று டார்ச் அடித்துப் பார்ப்பதற்குப் பெயர் கவலை. டார்ச் வெளிச்சத்துக்குப் பனி பயப்படாது.

காட்டுப் புஷ்பங்களைக் கவனித்துப் பாருங்கள் என்று அவர் சொல்லும் இடத்தில் (6:28) எல்லாரும் குறிஞ்சியை நினைக்கிறார்கள், 12 வருஷத்துக்கு ஒருமுறை பூப்பதால். ஆனால் இரண்டு வசனம் தள்ளி அவர் சொல்வது இன்றைக்கு இருந்து நாளைக்கு அடுப்பில் போடப்படும் காட்டுப் புல்லை. அபூர்வமானதை இல்லை, நாம் மிதித்துப் போகிறதை. எனக்கு அதுதான் ஆறுதலாக இருக்கிறது.

ஜெபம் பண்ணுகிற வீட்டுக்கு மண்சரிவு வராது என்று ஒரு பிரசங்கியார் சொன்னாரே?

இயேசு அப்படிச் சொல்லவில்லை. கன்மலை மேல் கட்டிய வீட்டுக்கும் மணல் மேல் கட்டிய வீட்டுக்கும் ஒரே பெருமழை, ஒரே வெள்ளம், ஒரே காற்று (7:24-27). 2009 நவம்பர் மழையில் நீலகிரியில் மண் சரிந்து 40-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அவர்கள் ஜெபிக்காதவர்கள் என்று சொல்ல யாருக்கு வாய் வரும்? வீட்டுக்குப் பின்னால் செங்குத்தாக மண்ணை வெட்டி வைத்திருந்தால் தடுப்புச் சுவர் கட்டுங்கள், மழைத்தண்ணீர் ஓட வாய்க்கால் வெட்டுங்கள். ஜெபமும் பண்ணுங்கள்.

அறுப்பின் பண்டிகை ஏலத்தில் பூசணிக்காயை ஐயாயிரத்துக்கு எடுக்கிறார்கள், மைக்கில் பெயர் சொல்கிறார்கள். வலது கை செய்வது இடது கைக்குத் தெரியக்கூடாது என்றது என்ன ஆச்சு?

போன வருஷம் எங்கள் சபையில் ஒரு முட்டைக்கோஸ் மூவாயிரத்து இருநூறுக்குப் போனது. எடுத்தவர் அதைத் திரும்பவும் ஏலத்துக்கே கொடுத்தார், மறுபடியும் இரண்டாயிரம். அந்த முட்டைக்கோஸ் வீடு போய்ச் சேர்வதற்குள் வாடிப்போயிருக்கும். எனக்கு ஏலம் பிடிக்கும், சொல்லிவிடுகிறேன். பிள்ளைகள் சிரிக்கிறார்கள், சபைக் கூரைக்குத் தகரம் வருகிறது.

ஆனால் கேள்வி நியாயமானது. 5:16 உங்கள் வெளிச்சம் மனுஷர் முன்பாகப் பிரகாசிக்கட்டும் என்கிறது. 6:1 மனுஷர் காணும்படி தர்மம் செய்யாதே என்கிறது. முரண் மாதிரித் தெரியும். முதல் வசனத்தின் கடைசியில், பார்க்கிறவர்கள் பிதாவை மகிமைப்படுத்தும்படி என்று இருக்கிறது. இரண்டாவதில் புகழ் கொடுக்கிறவனுக்குப் போகிறது. ஏலம் எடுத்தவர் தன்னையே சோதித்துப் பார்க்க ஒரு வழி உண்டு: மைக் ரிப்பேர் ஆன வருஷமும் அதே ஐயாயிரத்துக்கு எடுப்பாரா? நாம் சோதிக்க வேண்டாம், அவரே பார்த்துக்கொள்ளட்டும்.

தசமபாகம் பிடித்தத்துக்கு முன்னாடி சம்பளத்திலா, கைக்கு வருகிற சம்பளத்திலா?

வெந்தயத்திலும் சீரகத்திலும் தசமபாகம் கணக்குப் பார்த்து, நீதியையும் இரக்கத்தையும் விட்டவர்களைத்தான் இயேசு கண்டித்தார் (23:23). அதையும் செய்யவேண்டும், இதையும் விடக்கூடாது என்றார். உங்கள் தோட்டத்தில் கொழுந்து பறிக்கிற அக்காவுக்குப் போன வாரக் கூலி பாக்கி இருந்தால் அதை முதலில் கொடுங்கள். அப்புறம் கைக்கு வருவதிலோ முன்னாடியோ, எதுவானாலும் எனக்குச் சம்மதம்.

சபைக் கமிட்டியில் கணக்குக் கேட்டால் "நியாயந்தீர்க்காதே பிரதர்" என்கிறார்கள்.

கணக்குக் கேட்பது தீர்ப்பு இல்லை. 7:1-ல் அவர் தடுப்பது ஆளைக் குற்றவாளி என்று தீர்த்துக் கட்டுவதை. அதே அதிகாரத்தில் கனிகளால் அறிவீர்கள் என்கிறார், கள்ளத் தீர்க்கதரிசிகளுக்கு எச்சரிக்கையாக இருங்கள் என்கிறார். கண்ணைத் திறந்து பார்க்காமல் இதை எப்படிச் செய்வது? "ரசீது காட்டுங்கள்" என்று கேளுங்கள். "திருடன்" என்று சொல்லாதீர்கள். கேட்பதற்கு முன் உங்கள் வீட்டுச் சந்தா பாக்கியைக் கட்டிவிடுங்கள், அதுதான் உங்கள் கண்ணில் இருக்கிற உத்திரம்.

கேட்கிறவனுக்குக் கொடு என்று இருக்கிறது. மச்சான் ஐம்பதாயிரம் கேட்கிறான், குடிப்பான் என்று தெரியும்.

5:42-ஐ 7:9-ஓடு சேர்த்துப் படியுங்கள். அப்பம் கேட்ட பிள்ளைக்கு எந்த அப்பனும் கல்லைக் கொடுப்பதில்லை. பிள்ளையே கல்லைக் கேட்டால்? அப்போதும் அப்பன் அப்பத்தைத்தான் கொடுப்பான். பிள்ளைகளின் ஸ்கூல் பீஸை நேரே ஸ்கூலில் கட்டுங்கள், அரிசி மூட்டையை வீட்டில் இறக்குங்கள். வெறுங்கையோடு மட்டும் அனுப்பாதீர்கள்.

திருவிருந்துக்கு ஒரே பாத்திரம். கல்யாணப் பேச்சு வந்தால் மட்டும் சாதி கேட்கிறார்கள். இதற்கு இயேசு என்ன சொன்னார்?

யோவான் 4:9-ஐத் தமிழில் வாசித்தால் ஒரு சொல் குத்தும். யூதர்கள் சமாரியருடனே "சம்பந்தங்கலவாதவர்கள்". நாம் கல்யாணத்துக்கு எந்தச் சொல்லைச் சொல்கிறோமோ அதே சொல். அந்தச் சமாரியப் பெண்ணிடம்தான் இயேசு தண்ணீர் கேட்டார், மொண்டுகொள்ள அவரிடம் பாத்திரமும் இல்லை. அவளுடைய குடத்திலிருந்துதான் குடிக்கவேண்டும். பிறன் யார் என்று கேட்டவனுக்கு அவர் சொன்ன கதையிலும் (லூக்கா 10) வழியில் அடிபட்டுக் கிடந்தவனுக்கு உதவி செய்தவன் சமாரியன். ஆசாரியனும் லேவியனும் விலகிப் போனார்கள்.

1964-ம் ஆண்டின் சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து வந்து இந்த மலையில் குடியேறியவர்கள் எங்கள் சபையிலும் இருக்கிறார்கள். அவர்கள் வீட்டு வாசலோடு டீயை மறுத்துவிட்டுத் திரும்புகிற மூப்பர்கள் ஒரு காலத்தில் இருந்தார்கள். டம்ளர் பிரச்சினை இப்போது போய்விட்டது. கல்யாணம் போகவில்லை. என் சொந்த வீட்டிலும் மூத்தவளுக்கு வரன் பார்க்கும்போது முதல் கேள்வி அதுதான் கேட்கப்பட்டது, நான் வாயைத் திறக்கவில்லை. ஆகவே இந்தப் பதிலை உயரத்திலிருந்து சொல்லவில்லை. பிரசங்கத்தில் இதைச் சொல்ல ஆயர் தயங்கினால், ஜெபக்கூட்டத்தில் நாம் சொல்லலாம்.

ஹெத்தையம்மன் பண்டிகைக்குப் பக்கத்து வீட்டுப் படுகர் அக்கா சாப்பிடக் கூப்பிடுகிறார். போகலாமா?

பேரகணியில் பண்டிகை என்றால் இந்த வட்டாரமே வெள்ளை உடுத்திக்கொண்டு நகரும், கேள்வி வருஷா வருஷம் வரும். படைத்ததைச் சாப்பிடுவது பற்றி விரிவாக எழுதியவர் பவுல் (1 கொரிந்தியர் 8 முதல் 10 வரை). அதை ஆயரோடு உட்கார்ந்து படித்து உங்கள் மனச்சாட்சிப்படி முடிவு செய்யுங்கள். அந்த அக்காவின் வீட்டுக்குப் போகாமல் இருக்க மட்டும் காரணம் தேடாதீர்கள். அவர் உங்கள் கிறிஸ்துமஸ் கேக்கைச் சாப்பிட்டவர்.

"சின்ன விஷயம், விட்டுடு" என்கிறார்கள். எனக்கு நடந்தது சின்ன விஷயமே இல்லை.

இயேசுவும் அப்படிச் சொல்லவில்லை. மத்தேயு 18-ல் ஒருவன் பதினாயிரம் தாலந்து கடனை ராஜாவிடம் மன்னிக்கப் பெறுகிறான். வெளியே வந்து, தன்னிடம் நூறு வெள்ளிப்பணம் கடன்பட்டவனின் தொண்டையைப் பிடிக்கிறான். பிரசங்கங்களில் அந்த நூறைச் சில்லறை என்று சொல்லிவிடுகிறார்கள். ஒரு பணம் என்பது ஒரு நாள் கூலி (20:2). நூறு பணம் மூன்று மாதத்துக்கு மேல் உழைப்பு. சின்ன விஷயம் இல்லை. ஆனால் ஒரு தாலந்து சுமார் 6,000 பணம். பதினாயிரம் தாலந்து ஆறு கோடி நாள் கூலி. உங்கள் காயம் சிறியது என்று கதை சொல்லவில்லை, பக்கத்தில் இருக்கிற மற்ற கணக்கையும் பார் என்கிறது.

சத்துருவைச் சிநேகி என்கிறார். அவளைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. இல்லாத அன்பை எங்கிருந்து கொண்டுவருவது?

உள்ளே சுரக்கட்டும் என்று அவர் காத்திருக்கச் சொல்லவில்லை. ஆசீர்வதியுங்கள், நன்மை செய்யுங்கள், ஜெபம்பண்ணுங்கள் என்று செய்கிற வேலைகளைத்தான் அடுக்குகிறார் (5:44). மூன்று வசனம் தள்ளி இன்னும் கீழே இறங்கி வருகிறார்: உங்கள் சகோதரரை மாத்திரம் வாழ்த்தினால் என்ன விசேஷம்? வாழ்த்துவது என்றால் முகம் பார்த்து ஒரு வார்த்தை. பஸ்ஸில் பக்கத்தில் இடம் இருந்தால் "உட்காருங்க" என்பது. அது போதும், இந்த மாதத்துக்கு.

மேலே, அடிக்கிற புருஷனைப் பற்றிச் சொன்னது இதற்கும் பொருந்தும். ஆபத்தான ஆளின் பக்கத்தில் போய் உட்கார வேண்டியதில்லை.

காணிக்கையை வைத்துவிட்டு முதலில் ஒப்புரவாகு என்கிறது. போனேன், அவர் கதவைத் திறக்கவில்லை. இப்போ காணிக்கை போடலாமா?

போடலாம். 5:23-24 கேட்டவர்கள் கலிலேயாக்காரர்கள், பலிபீடம் இருந்தது எருசலேமில். நூறு கிலோமீட்டருக்கு மேல், நாலைந்து நாள் நடை. காணிக்கையை அங்கேயே விட்டுவிட்டு ஊருக்குத் திரும்பிப் போய்ச் சமாதானம் பண்ணிவிட்டு வா என்றால் கேட்டவர்கள் மலைத்திருப்பார்கள். நடந்து போவதுதான் உங்கள் பங்கு. கதவு அவருடையது. ஒருமுறை போனால் போதுமா என்றால், எனக்குப் போதவில்லை.

மேலே இரண்டு கிலோ கழித்ததைச் சொன்னேனே, அதில் அதிகம் இழந்தவர் ஒரு பெரியவர், மலைச்சரிவில் அரை ஏக்கர் வைத்திருந்தார். ரிட்டயர் ஆன பிறகு பழைய நோட்டைப் பார்த்து, தோராயமாக ஒரு தொகை கணக்குப் போட்டு, கவரில் வைத்துக்கொண்டு போனேன். முதல் தடவை ஆள் இல்லை என்று பேத்தி சொன்னாள். உள்ளே இருமல் கேட்டது. இரண்டாம் தடவை கேட் வரைக்கும் போய்த் திரும்பிவிட்டேன், அது என் தப்பு. மூன்றாம் தடவை கேட்டில் கை வைத்ததும் ஜன்னலிலிருந்து அவர் குரல் வந்தது: "நாய் கட்டல. பாத்து வா."